பத்து விநாடியில் என் தம்பி

எனக்குச் சம்பளம் கொடுப்பது பெங்களூரில் ஒரு பெரிய கன்னட எஃப்எம் நிலையம். என் தம்பியின் பாட்டைப் போடுவது லிங்கராஜபுரத்தில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் நடக்கும் ஒரு சின்ன இணைய ரேடியோ. ரேடியோவில் வேலை என்றதும் சொந்தக்காரர்கள் என்னை மைக் முன்னால் உட்கார்ந்து வளவளவென்று பேசுகிறவளாக நினைத்துக்கொள்வார்கள். "எப்ப பேசுவ, சொல்லு, வெச்சிக் கேக்கறோம்" என்பார்கள். என் குரல் இதுவரை ரேடியோவில் வந்ததே இல்லை. நான் இருப்பது ஆராய்ச்சிப் பிரிவு. பெயர்தான் பெரிசு. எந்தப் பாட்டு ஜனங்களுக்குப் பிடிக்கிறது, எது சலித்துவிட்டது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டில் கேட்டதும் ஒட்டிக்கொள்கிற இடம் எது என்று பார்த்து, ஒரு பத்து விநாடியை வெட்டி எடுப்போம். அதற்கு ஹுக் என்று பெயர். இப்படி முப்பது பாட்டின் ஹுக்கைக் கோத்து வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுப்போம். அங்கே இருக்கிற பையன்கள் எங்கள் நேயர்களுக்கு ஃபோன் போட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போடச் சொல்வார்கள். அந்தப் பேச்சின் பதிவுகள் என்னிடம் வரும். காதில் மாட்டிக்கொண்டு சரிபார்ப்பேன். பின்னால் டிவி அலறினால் அந்தப் பதிவு செல்லாது. குழந்தை பதில் சொன்னால் செல்லாது. எல்லாப் பாட்டுக்கும் ஒரே மார்க் போட்டால் அதுவும் செல்லாது. அப்படிப் போடுகிறவர் காது கொடுத்துக் கேட்கவில்லை, சீக்கிரம் ஃபோனை வைத்தால் போதும் என்று இருக்கிறார் என்பது எங்கள் கணக்கு.

லிங்கராஜபுரத்து ரேடியோவில் இந்த வம்பெல்லாம் இல்லை. நடத்துகிறவர் ஒரு பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். சனி, ஞாயிறு மட்டும்தான் ரேடியோ. சினிமாப் பாட்டு கிடையாது. சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிற பசங்கள் யார் வந்தாலும் உட்கார வைத்துப் பாட விடுவார். ஒரு பாட்டையும் வெட்ட மாட்டார். நடுவில் இருமினால் இருமலோடு போகும். பாட்டு முடிந்ததும் யாரும் உடனே வாயைத் திறக்கக் கூடாது, அது அந்த அறையின் சட்டம். கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கீழே பேட்டரிக் கடைக்காரர் யாரையோ திட்டுவது மட்டும் நேயர்களுக்குக் கேட்கும். எங்கள் நிலையத்தில் அப்படிச் சில விநாடி சத்தமில்லாமல் போனால் அலாரம் அடிக்கும், இன்ஜினியர் தலைதெறிக்க ஓடிவருவார்.

நான் அங்கே ஒரே ஒரு முறைதான் போனேன். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற எண் தெரிந்தது. பதினேழு. அதிலும் சில பேர் அந்த அறையிலேயே உட்கார்ந்து, தங்கள் பாட்டு சரியாகப் போகிறதா என்று ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். படி இறங்கும்போது தம்பியிடம், "இது ரேடியோவா, இல்ல சொந்தக்காரங்க கூட்டமா?" என்றேன். அவன் சிரித்தான். சிரித்து முடித்தபின் அவன் முகம் இருந்த இருப்பைப் பார்த்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. லட்சம் லட்சமாக நேயர்களைப் பற்றித் தினமும் பேசுகிற இடத்தில் வேலை செய்பவளுக்குப் பதினேழு என்ற எண்ணைப் பார்த்தால் கூசும். எனக்கு அவனுக்காகக் கூசியது.

தம்பி பொம்மசந்திராவில் பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். அவனோடு சேர்ந்து பாடுகிற மூன்று பேரும் அவனைப் போலவே கோலார் தங்கவயல் குடும்பத்துப் பிள்ளைகள். தங்கச் சுரங்கத்தை மூடினபோது எங்கள் அப்பாவுக்கும் வேலை போனது. அதன்பிறகு சில வருஷம் அப்பா தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து, ஒரு அபார்ட்மெண்டில் காவல் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவார். உட்கார இடம் கிடைக்காது. கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிப் பழகிவிட்டார். இங்கே மர்பி டவுனில் வீடு பார்த்துக் குடும்பத்தைக் கொண்டுவந்த பிறகும், கதவு நிலையில் சாய்ந்தபடி அவர் கண் அசருவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அம்மா இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

தம்பியின் பாட்டு அதைப் பற்றியதுதான். நிந்த்கொண்டே நித்தே, நின்றுகொண்டே தூக்கம், என்று கன்னடத்தில் பல்லவி. பிறகு தமிழுக்கு வரும், அங்கிருந்து இன்னொரு பாஷைப் பக்கம் போகும். எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே, எந்த பாஷையில் ஆரம்பித்தோம் என்று நினைவில்லாமல் எதிலோ முடிகிற பாட்டு. ஆரம்பத்தில் நெடுநேரம் குரலே வராது. நாலு பேரும் மரப் பெட்டிமேல் காலால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ரயில் பெட்டியில் நிற்கிறவனுக்கு உள்ளங்காலில் ஏறுகிற அதே அதிர்வு. இதை எந்தப் பெரிய ரேடியோவும் போடாது என்று முதல் தடவை கேட்டபோதே தெரிந்தது. குரல் வருவதற்குள் எங்கள் நேயர் வேறு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்.

ஆனால் தம்பிக்குப் பெரிய ரேடியோதான் வேண்டியிருந்தது. காசுக்கோ பேருக்கோ இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னான்.

"ஒரே ஒரு வாட்டி உங்க ரேடியோல வந்தா போதும்கா. அப்பா இன்னா சொல்றாருன்னு பாக்கணும். நா பாட ஆரம்பிச்சா எந்திரிச்சி வெளிய போறாரு. அவரப் பத்தின பாட்டுதான்னு தெரியுதா இல்லியான்னு கூடத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. அப்பா அந்தப் பாட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எங்கள் தெருவில் பெற்ற பிள்ளையைப் பெற்றவர்கள் புகழக் கூடாது. கண் பட்டுவிடும் என்பது ஒரு காரணம், நாக்கூசும் என்பது இன்னொரு காரணம். குழந்தை மூக்கும் முழியுமாக இருந்தால் "மூஞ்சியப் பாரு, கொரங்கு மாரி" என்றுதான் பெற்றவள் சொல்வாள். எதிர்வீட்டுக்காரி "ஐயோ, ஏன் அப்பிடிச் சொல்ற, ராஜா மாரி கீறான்" என்று மறுக்க வேண்டும். பிறகு எதிர்வீட்டுக் குழந்தைக்கு இவள் அதைச் செய்வாள். இப்படி ஒருவர் பிள்ளையை மற்றவர் புகழ்ந்து கணக்கை நேர் செய்துகொள்வார்கள். நான் டிகிரி முடித்தபோது அப்பா லட்டு டப்பாவை நீட்டிக்கொண்டே தெரு முழுக்க "ஏதோ தப்பிச்சிட்டா" என்று சொன்னார். எனக்கு ரேடியோவில் வேலை கிடைத்தபோது "ஏதோ ஃபோன் பேசற வேல" என்றார். எனக்கு அதில் வருத்தம் வந்ததில்லை. எதிராளி மறுக்கும் வரை அப்பா கொஞ்சம் காத்திருப்பார், மறுத்ததும் தரையைப் பார்த்து லேசாகத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலில் எல்லாம் இருக்கும்.

எங்கள் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஊரில் இருக்கிற பேண்ட்களின் பாட்டைப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. இளவட்டம் எல்லாம் ஃபோனில் பாட்டுக் கேட்கப் போய்விட்டதால் வந்த யோசனை. யார் வேண்டுமானாலும் பாட்டு அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். தம்பி அனுப்பினான். வந்த குவியலில் எங்கள் நிகழ்ச்சித் தலைவரே அதை எடுத்து, கன்னடத்தில் "இதில் என்னமோ இருக்கிறது, டெஸ்டில் சேர்த்துவிடுங்கள்" என்று என்னிடம் தந்தார். பாடுகிறவன் என் தம்பி என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது சிபாரிசாகிவிடும். பாட்டு தானாகவே ஜெயிக்கட்டும் என்று ஒரு ரோஷம்.

ஹுக்கை வெட்டினது நான்தான். காலால் தட்டுகிற இடத்தை எடுத்தால் ஃபோனில் கொரகொரவென்று மட்டும் கேட்கும். தமிழ் வருகிற இடம் எங்கள் ஸ்டேஷனுக்கு ஆகாது. கடைசியில் பல்லவியின் இரண்டு வரியை எடுத்தேன். பத்து விநாடியில் ரயிலும் இல்லை, அப்பாவும் இல்லை. நாலு பேர் நின்றுகொண்டே தூக்கம் என்று கத்துகிறார்கள், ஏன் என்று தெரியாது. வெட்டி முடித்ததும் எனக்கே அது நன்றாக இல்லை. இருந்தும் அனுப்பினேன். என் வேலையே அதுதானே.

எங்கள் நேயர் பட்டியலில் அப்பாவின் எண் இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. காலை நிகழ்ச்சியில் கேள்விக்குப் பதில் சொன்னால் குக்கர் தருவார்கள். மகள் வேலை செய்கிற இடமாயிற்றே என்று அப்பா காவல் கூண்டிலிருந்து இரண்டு மூன்று தடவை ஃபோன் போட்டிருக்கிறார். குக்கர் விழவில்லை, எண் மட்டும் பட்டியலில் விழுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் தலைவருக்கு ஒரு பழக்கம். அந்த வாரத்துப் பதிவுகளில் சிரிப்பு வருகிற மாதிரி இருப்பதைக் கம்பெனிக்காரர்கள் தனியாக அனுப்புவார்கள். அதை எல்லார் முன்னாலும் போட்டுக் கேட்பார். சமோசா வரும், டீ வரும். அன்றைக்கு முதலில் ஒரு அம்மாள் ஒவ்வொரு பாட்டுக்கும் கூடவே பாடினார். எல்லாரும் சிரித்தோம், நானும்தான். இரண்டாவது பதிவில் "ஹலோ, யாரு?" என்று ஆரம்பித்தது என் அப்பா.

கேட்கிற பையன் கன்னடத்தில் தொடங்கி, அப்பாவின் கன்னடத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான். ஓசூர்ப் பக்கத்துப் பையன் போல. தம்பியின் பத்து விநாடி ஓடியது. அது முடிவதற்குள்ளேயே அப்பா ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது எனக்குக் கேட்டது.

"எப்படி சார் இருக்கு?"

"இதுவா சார்? அத ஏன் கேக்கற. வேல வெட்டி இல்லாத நாலு பசங்க கத்தறானுங்க. சுமாரா கீது."

பிறகு அப்பா பேசவில்லை. பையனும் பேசவில்லை, எழுதிக்கொண்டிருந்திருப்பான். அப்பா காத்திருந்தார். "இல்ல சார், நல்லாத்தானே பாடறாங்க" என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தார். லட்டு டப்பாவை நீட்டிக்கொண்டு நின்ற அதே காத்திருப்பு.

"அப்ப ரெண்டு போட்டுக்கவா சார்?" என்றான் பையன்.

"ம்" என்றார் அப்பா. குரல் இறங்கிவிட்டது.

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். காலை நிகழ்ச்சி செய்கிற தொகுப்பாளர் "வேல வெட்டி இல்லாத நாலு பசங்க" என்பதை அப்பாவின் குரலிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டினார். நன்றாகச் செய்வார், அவருடைய பிழைப்பே அது. என் வாய் சும்மா இருந்து பழக்கமில்லை.

"அவர் எங்கப்பா. பாடறது என் தம்பி" என்றேன்.

சிரிப்பு நின்றது. ஒருவர் சமோசாவைத் திரும்பத் தட்டில் வைத்தார். அவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். எங்கள் வீட்டு வழக்கத்தை விளக்க வாயெடுத்தேன், "அது வந்து, நாங்க சொந்தப் பிள்ளைய" என்று ஆரம்பிப்பதற்குள் தலைவரின் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"பாட்டைவிட இது பிரமாதமாக இருக்கிறதே. திங்கட்கிழமை காலை நிகழ்ச்சியிலேயே போட்டுவிடலாம். உங்கள் தம்பியின் பாட்டுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்குமா?" என்றார்.

காலை நிகழ்ச்சி. ஊரே ஆட்டோவிலும் பஸ்ஸிலும் கேட்கிற நேரம். அப்பாவும் பிள்ளையும் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவார்கள் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். தலைகால் புரியாமல் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தம்பி என்னைத் தூக்காத குறை. அப்பா "அப்பிடியா" என்றார். ஃபோன் வந்ததைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த இரண்டு நாளில் தெருவில் எல்லாருக்கும் நானே சொன்னேன். தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன், கறிக்கடையில் சொன்னேன். பெருமையை அவ்வளவு சத்தமாக அடித்துக்கொண்ட எங்கள் குடும்பத்து முதல் ஆள் நான்.

திங்கட்கிழமை தம்பி கம்பெனி பஸ்ஸில் இருந்தான். டிரைவரிடம் முதலிலேயே சொல்லி எங்கள் ஸ்டேஷனை வைக்கச் சொல்லியிருந்தான். நான் மதியம் ஆபீஸ் போகிற நாள். வீட்டு வாசலில் எதிர்வீட்டு அக்காவும் இன்னும் நாலு பேரும் நின்றார்கள். அப்பா ராத்திரி டியூட்டி முடித்து வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபோனை டம்ளருக்குள் வைத்திருந்தோம், சத்தம் கூடுதலாக வரட்டும் என்று.

"வேல வெட்டி இல்லாத நாலு பசங்க கத்தறானுங்க" என்றது டம்ளர்.

அப்பாவின் குரலேதான். அதன்மேல் ஒரு சிரிப்புச் சத்தம், பிறகு தொகுப்பாளர் கன்னடத்தில், "இவர் யார் தெரியுமா? அந்தப் பாட்டைப் பாடினவனுடைய சொந்த அப்பா." மறுபடி சிரிப்பு. மறுபடி அப்பா, "சுமாரா கீது." அதை மூன்று தடவை போட்டார்கள். அப்புறம் பாட்டு வந்தது. காலால் தட்டுகிற இடம் இல்லை, நேராகப் பல்லவி. அதன்மேலேயே தொகுப்பாளர் ஏதோ பேசினார். தமிழ் வருவதற்குள் நகைக் கடன் விளம்பரம் வந்துவிட்டது. உங்கள் தங்கத்துக்கு உடனே பணம் என்றார்கள். எங்கள் அப்பா பூமிக்குக் கீழே தங்கம் தோண்டின ஆள்.

எதிர்வீட்டு அக்காதான் சமாளிக்கப் பார்த்தார்.

"உன் கொரலு ரேடியோல கணீர்னு கீதுண்ணா" என்றார்.

அப்பா தரையைப் பார்த்தார். தலையாட்டவில்லை. எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த யூனிஃபார்ம் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் புறப்பட்டார். அவர் டியூட்டி முடிந்து வந்ததே அப்போதுதான். எல்லாருக்கும் அது தெரியும். நான் டம்ளரிலிருந்து ஃபோனை எடுத்தேன். வாசலில் நின்றவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் கலைந்தார்கள். அந்த இரக்கம் இருக்கிறதே, அதற்கு அவர்கள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். ஊரைக் கூட்டி வைத்து என் அப்பாவின் வாயாலேயே என் தம்பியை அவமானப்படுத்த என் ஆபீஸுக்கு வழி செய்து கொடுத்தது என் வாய்தான்.

மதியம் ஆபீஸில் தலைவர் கைகொடுத்தார். நேயர்கள் நிறையச் செய்தி அனுப்பியிருந்தார்களாம், அப்பாவை எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். ஏன் கேட்காமல் போட்டீர்கள் என்றேன். ஃபோனில் முதலிலேயே இது பதிவாகிறது என்று சொல்லிவிடுகிறோமே என்றார். பாட்டைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்தார். "பாட்டா?" என்றார்.

தம்பி சாயங்காலம் வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, கை கால் கழுவினான். பஸ்ஸில் எல்லாரும் சிரித்ததாகவும், கம்பெனி லைனில் அன்றைக்கு முழுக்க யார் எதைக் கேட்டாலும் "சுமாரா கீது சார்" என்றே பதில் வந்ததாகவும் சாதாரணமாகச் சொன்னான்.

"நம்ம வழக்கம் உனக்குத் தெரியாதாடா? அவரு வேற எப்பிடிச் சொல்லுவாரு?" என்றேன்.

"தெரியும்கா. ஆனா நெஜமாவே சுமாருதான்னு நெனச்சிருந்தாலும் இதத்தான சொல்லியிருப்பாரு?"

வழக்கம் எது, மனசு எது என்று இத்தனை வருஷம் நாங்கள் அந்தத் தலையாட்டலை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். ஃபோனில் தலையாட்டல் தெரியாது.

அவன் லிங்கராஜபுரம் போவதை நிறுத்திவிட்டான். கேட்டால் ஓவர்டைம் என்றான். பாட்டு டீச்சர் ஒரு நாள் என்னை ஃபோனில் கூப்பிட்டார்.

"மத்த மூணு பேரும் வந்து சும்மா உக்காந்துட்டுப் போறாங்கம்மா. தம்பிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

பெரிய ரேடியோவில் வந்ததை அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லவில்லை. சொந்தக்காரங்க கூட்டம் என்று நான் கேலி செய்த இடத்திலிருந்து ஒருவர் அவனை விசாரிக்கிறார். எங்கள் லட்சம் நேயர்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை. நல்லாத்தான் இருக்கிறான் டீச்சர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டில் அப்பாவும் தம்பியும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவருக்கு வெளியே வேலை வந்தது. அப்பா வழியில் கிடைத்ததையெல்லாம் வாங்கிவர ஆரம்பித்தார். ஒரு நாள் சூடாக போண்டா, ஒரு நாள் சீத்தாப்பழம். கொண்டுவந்து தம்பி உட்கார்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். தம்பி எடுத்துத் தின்பான். வாங்கிவந்தவரை ஏறிட்டும் பார்க்க மாட்டான். அவனுடைய கிடார் உறையோடு பீரோவின் பக்கத்தில் சாய்ந்துகிடந்தது.

எங்கள் பட்டியலில் ஒரு முறை வந்த எண் சில மாதம் கழித்து மறுபடி சுற்றில் வரும். ஒரு பிற்பகல் பதிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, காதில் "ஹலோ, யாரு?" என்றது.

கேட்காமல் தள்ளிவிடலாமா என்று பார்த்தேன். தள்ளவில்லை. பையன் முதல் பாட்டைப் போட்டான், ஒரு சினிமாக் குத்துப்பாட்டு.

"ரொம்ப நல்லா கீது சார். அஞ்சு போட்டுக்கோ" என்றார் அப்பா.

இரண்டாவது. "அருமையா பாடறாங்க. அஞ்சு." மூன்றாவது. "யார் பெத்த புள்ளையோ, நல்லா கீது. அஞ்சு." நான் விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு கேட்டேன். எல்லாருடைய பிள்ளையையும் புகழ்ந்துகொண்டே வருகிறார். ஊரார் பிள்ளையை எல்லாம் புகழ்ந்துவிட்டால், நடுவில் தன் பிள்ளை வரும்போது அவனையும் சேர்த்துப் புகழ்வதில் தப்பில்லை, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு பாட்டு தொடங்கும்போதும் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வதும், வேறு குரல் என்று தெரிந்ததும் விடுவதும் கேட்டது. முப்பதும் முடிந்தது. முப்பதுக்கும் ஐந்து.

"அவ்வளவுதான் சார், தேங்க்ஸ்" என்றான் பையன்.

"முடிஞ்சிபோச்சா? நாலு பசங்க பாடுவாங்களே சார், நிந்த்கொண்டே நித்தேன்னு. அது வர்லியே?"

"அது இந்த வாட்டி லிஸ்ட்ல இல்ல சார்."

"அதுக்கும் அஞ்சுன்னு எழுதிக்க முடியாதா?"

"போடாத பாட்டுக்கு எழுத முடியாது சார்."

"ம். சரி சார், பரவால்ல. நீ சாப்ட்டியா?" என்று கேட்டு அப்பா ஃபோனை வைத்தார்.

எல்லாப் பாட்டுக்கும் ஒரே மார்க். காது கொடுத்துக் கேட்காதவர். சட்டப்படி நான் அதைச் செல்லாது என்று தள்ளினேன். தள்ளிவிட்டு பாத்ரூமில் போய் நின்றேன். முகம் கழுவினேன். இந்த மாதிரி எத்தனை பேரை இத்தனை வருஷமாகத் தள்ளியிருக்கிறேன் என்று நினைத்தபோது, கண்ணாடியில் இருந்தவளைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று வீட்டில் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பா டியூட்டிக்குப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் சாதத்தைப் பிசைந்தபடியே, யாரையும் பார்க்காமல் கேட்டேன்.

"அப்பா, எங்க கம்பெனிலேருந்து மறுபடி ஃபோன் வந்துச்சா? இன்னா சொன்ன?"

அப்பா செருப்பு வாரைப் பிடித்தபடி நின்றார். "ஏதோ கேட்டான். ஏதோ சொன்னேன். சுமாருன்னு" என்றார்.

தம்பியின் கை சாதத்தில் நின்றுவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய் சொல்றாருடா. அஞ்சு போட்டாரு. எல்லாத்துக்கும் அஞ்சு. நா கேட்டேன்."

திருடி மாட்டிக்கொண்டவர் போல அப்பாவின் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஏம்மா இப்படிச் செய்தாய் என்ற கெஞ்சல்தான் இருந்தது. தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்க பாட்டுக்கா?" என்று தட்டைப் பார்த்தே கேட்டான்.

அப்பா குனிந்து, மாட்டின செருப்பு வாரையே மறுபடி மாட்டினார். நான் ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"அது லிஸ்ட்டுல இல்லன்னுட்டான்பா" என்றார் அப்பா, செருப்பைப் பார்த்தபடி. "நா கேட்டுப் பாத்தேன். போடாத பாட்டுக்கு எழுத மாட்டாங்களாம்."

தம்பி லேசாகத் தலையாட்டினான். தரையைப் பார்த்து, அப்பா ஆட்டுகிற அதே மாதிரி.

கதவு வரைக்கும் போன அப்பா திரும்பி என்னைக் கேட்டார்.

"மத்தவங்க பாட்டுக்குப் போட்டத எல்லாம் சேத்துப்பாங்க இல்ல?"

"சேத்துப்பாங்கப்பா" என்றேன்.